அரசு மருந்து எப்படி வருகிறது, ஏன் தீர்ந்துபோகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்து ஜன்னலுக்குப் பின்னால் 26 ஆண்டுகள் நின்றவன் நான். எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். கேள்விகளுக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. ரேஷன் கடை வரிசையிலும் கல்யாணப் பந்தியிலும் பஸ்ஸில் பக்கத்து இருக்கையிலும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் நடப்பதை வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

அத்தியாவசிய மருந்து என்றால் என்ன? மற்றதெல்லாம் அவசியமில்லாத மருந்தா?

பெயரைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். வீட்டில் அரிசி, பருப்பு, உப்பு, புளி தீராமல் பார்த்துக்கொள்கிறோம். பாதாம் பருப்பு தீர்ந்தால் யாரும் பதறுவதில்லை. அதற்காகப் பாதாம் வேண்டாத பொருள் என்று அர்த்தமில்லை. ஓர் ஊரில் பெரும்பாலோருக்கு வரும் நோய்களுக்கு, பலன் உறுதியான, ஆபத்து குறைந்த, கொடுக்கிற காசுக்குத் தகுந்த மருந்துகளைத் தேர்ந்து, இவை எந்த நாளும் கையிருப்பில் இருந்தாக வேண்டும் என்று எழுதிவைப்பதுதான் அத்தியாவசிய மருந்துப் பட்டியல்.

உலக சுகாதார நிறுவனம் முதல் மாதிரிப் பட்டியலை 1977இல் வெளியிட்டது. இந்தியாவில் அதற்கு 2 ஆண்டுகள் முன்பே, மருந்துத் துறையை ஆராய மத்திய அரசு அமைத்த ஹாதி குழு இப்படி ஒரு பட்டியலைப் பரிந்துரைத்திருந்தது. தேசியப் பட்டியல் 1996இல்தான் வந்தது. 2022ஆம் ஆண்டுப் பதிப்பில் 384 மருந்துகள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசு மருத்துவமனைகளுக்கென்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. உங்கள் ஊர் நிலையத்துக்கு எது வரும், எது வராது என்பதை முடிவு செய்வது அந்தப் பட்டியல்தான்.

இதையெல்லாம் யார் வாங்குகிறார்கள்? எங்கள் ஊர் டாக்டரா, சென்னையில் இருப்பவர்களா?

விலை பேசி வாங்குவது சென்னை. எது எவ்வளவு வேண்டும் என்று சொல்வது உங்கள் ஊர். இந்த இரண்டையும் பிரித்து வைத்ததில்தான் விஷயமே இருக்கிறது.

முன்பு மருந்துக் கொள்முதல் துறைவாரியாகவும் மருத்துவமனைவாரியாகவும் சிதறிக் கிடந்தது. சிறிய ஆர்டர் என்றால் விலை கூடும், நடுவில் தரகர்கள் நுழைவார்கள், தரம் பார்க்க ஆள் இருக்காது. 1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது. 1995 ஜனவரியிலிருந்து மருந்து விநியோகிக்கிறது. மாநிலம் முழுவதன் தேவையையும் ஒரே டெண்டரில் சேர்த்து அது விலை கேட்கிறது. வாங்கிய சரக்கு சென்னையில் குவிவதில்லை; கம்பெனிகள் நேராக மாவட்டக் கிடங்குகளுக்கு அனுப்புகின்றன. மருத்துவமனைகள் தங்கள் பாஸ்புக்கைக் காட்டி அங்கிருந்து எடுத்துக்கொள்கின்றன. பிற்பாடு கேரளமும் ராஜஸ்தானும் இதைப் போலவே தங்களுக்கென்று கழகங்களை அமைத்தன.

பாஸ்புக் என்கிறீர்களே, மருந்துக்கு எதற்குப் பாஸ்புக்?

வங்கியில் கொடுப்பார்களே, ஏறக்குறைய அதேதான். ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு நிலையத்துக்கும் இத்தனை ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று ஒரு தொகை ஒதுக்கப்படுகிறது. அந்தப் பணம் கையில் வராது, கணக்கில்தான் இருக்கும். மருந்தாளுநர் இண்டெண்ட், அதாவது எது எவ்வளவு வேண்டும் என்ற தேவைப் பட்டியல் எழுதுவார், மருத்துவ அலுவலர் கையெழுத்திடுவார், கிடங்கில் மருந்தை எடுத்ததும் அதன் மதிப்பு பாஸ்புக்கில் கழியும். இப்போது எல்லாம் கணினியில் பதிவாகிறது. நாங்கள் தடித்த அட்டை போட்ட புத்தகத்தை மழையில் நனையாமல் வேட்டிக்குள் சுருட்டிக்கொண்டு போன காலமும் உண்டு.

இதில் இரண்டு நன்மைகள். மேலிடத்தில் யாரோ கணக்குப் போட்டு எல்லா நிலையத்துக்கும் ஒரே மாதிரிப் பெட்டி அனுப்பினால், மலையடிவார ஊருக்கு வேண்டியதும் கடலோர ஊருக்கு வேண்டியதும் ஒன்றாகிவிடும். எங்களுக்குத் தேவையே இல்லாத களிம்பு டப்பாக்கள் அலமாரியில் காலாவதியாகும். தேவையான இருமல் மருந்து இருக்காது. பாஸ்புக்கில் அந்தத் தேர்வு உள்ளூர்க்காரர் கையில் இருக்கிறது. இன்னொன்று, ரொக்கம் கைமாறாததால் உள்ளூரில் கமிஷன் பேச இடமில்லை.

துறையின் மருந்துப் பணம் முழுவதும் இந்த வழியில் போவதில்லை. ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு கழகத்தின் வழியாகவும், மீதி ஒரு பங்கு அவசரத்துக்கு உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளவும் என்பது தொடக்கத்திலிருந்தே இருந்துவரும் ஏற்பாடு. அந்த ஒரு பங்கைப் பற்றிப் பின்னால் மறுபடியும் வரும்.

அரசு மாத்திரை மட்டம் என்கிறார்களே, வேலை செய்யுமா?

என் வாழ்நாளில் அதிகம் கேட்ட கேள்வி இது. கேட்டவர்களில் என் சொந்த மைத்துனரும் உண்டு. டெண்டரில் இரண்டு உறைகள் இருக்கும். முதல் உறையில் கம்பெனியின் உரிமம், உற்பத்தித் தரச் சான்று, சந்தையில் இருந்த ஆண்டுகள், விற்பனை அளவு ஆகியவை. அதில் தேறியவர்களின் விலை உறையை மட்டுமே பிரிப்பார்கள். சரக்கு கிடங்குக்கு வந்ததும் உடனே வெளியே போகாது. ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியிலிருந்தும், மாதிரி எடுத்து, கம்பெனி பெயர் தெரியாமல் மறைத்து, ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் விநியோகம். தேறாவிட்டால் சரக்கு திரும்பிப் போகும்; கம்பெனி கறுப்புப் பட்டியலிலும் சேரலாம்.

கடையில் நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பேட்ச்சையும் விற்பதற்கு முன் இப்படி யாரும் மூன்றாம் ஆளாக நின்று சோதிப்பதில்லை. விளம்பரச் செலவும் கடைக்காரர் லாபமும் இல்லாததால்தான் விலை குறைவு. தப்பே நடக்காது என்று நான் சொல்லமாட்டேன். சில மாத்திரைகள் ஈரத்தில் உதிர்ந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்; அப்படிப்பட்டதைக் கொடுக்காமல் எடுத்துவைத்துக் கிடங்குக்கு எழுதுவதும் மருந்தாளுநர் வேலைதான். உங்கள் கைக்கு அப்படி வந்தால் அட்டையோடு கொண்டுவந்து காட்டுங்கள். பேட்ச் எண் அதில்தான் இருக்கும்.

போன மாதம் வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள், இந்த மாதம் மஞ்சள். மாற்றிக் கொடுத்துவிட்டார்களா?

பெரும்பாலும் கம்பெனி மாறியிருக்கும். டெண்டர் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். அடுத்த முறை வேறு கம்பெனி வென்றால் நிறம், அளவு, அட்டை எல்லாம் மாறும். உள்ளே இருக்கும் மருந்து, இரத்த அழுத்தத்துக்கு என்றால் அதே அம்லோடிபின்தான், சர்க்கரைக்கு என்றால் அதே மெட்ஃபார்மின்தான்.

ஆனாலும் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை நான் மெச்சுவேன். கேட்காதவர்கள்தான் ஆபத்தில் மாட்டுகிறார்கள். பழைய வெள்ளை மாத்திரையும் வீட்டில் இருக்கிறது, புதிய மஞ்சளும் வந்திருக்கிறது. இரண்டும் வேறு என்று நினைத்து இரண்டையும் விழுங்கி, இரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழுந்த பெரியவரை எனக்குத் தெரியும். நிறத்தை நம்பாதீர்கள், அட்டையில் உள்ள பெயரையும் மில்லிகிராம் அளவையும் பாருங்கள். படிக்கத் தெரியாதவர்கள் பழைய அட்டையைக் கையோடு கொண்டுவந்தால் போதும். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்துத் தனித்தனியாக டப்பாவில் போட்டுவைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

எல்லாம் இலவசம் என்கிறார்கள், டாக்டர் ஏன் வெளியே வாங்கச் சொல்லிச் சீட்டு எழுதுகிறார்?

மூன்று காரணங்கள் இருக்கலாம். மருந்து பட்டியலிலேயே இல்லாமல் இருக்கலாம். பட்டியலில் இருந்தும் அன்று தீர்ந்துபோயிருக்கலாம். மூன்றாவது, டாக்டர் வெளியே படித்த, பழகிய பிராண்ட் பெயர் கைக்கு முந்திக்கொண்டு வந்திருக்கலாம். முதல் இரண்டுக்கும் அவர் பொறுப்பில்லை. மூன்றாவதுக்கு நீங்கள் பணிவாக ஒரு கேள்வி கேட்கலாம்: “இதே வேலை செய்கிற மருந்து இங்கே இருக்கிறதா, சார்?” பல முறை இருக்கும். சீட்டை மருந்து ஜன்னலில் காட்டிக் கேட்டாலும் சொல்வார்கள்.

கிடங்கில் இருக்கிறது என்கிறார்கள், எங்கள் நிலையத்தில் இல்லை என்கிறார்கள். நடுவில் மருந்து எங்கே போகிறது?

யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். அட்டையில் ‘தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல’ என்று அச்சிடுவதே அதைத் தடுக்கத்தான். ஆனால் என் அனுபவத்தில், மருந்து இல்லாமல் போன நாட்களில் பெரும்பகுதிக்குக் காரணம் திருட்டு இல்லை, கணக்கு.

நான் செய்த தவறையே சொல்கிறேன். ஒரு நிலையத்தில் பல மாதங்கள் டாக்டர் இடம் காலியாக இருந்தது. புறநோயாளிகள் பாதியானார்கள், மருந்துச் செலவும் பாதியானது. அடுத்த ஆண்டு இண்டெண்ட் போடும்போது நான் போன ஆண்டுக் கணக்கைப் பார்த்து எழுதினேன். இதற்குள் புது டாக்டர் வந்துவிட்டார், ஐப்பசி மழையும் காய்ச்சலும் சேர்ந்து வந்தன. குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப் பத்தே நாளில் தீர்ந்தது. கிடங்கில் பெட்டி பெட்டியாக இருந்தது. நான் கேட்கவில்லை, அதனால் வரவில்லை.

இதில் ஒளிந்திருக்கும் இன்னொரு பொறி: ஒரு மருந்து இல்லாத மாதத்தில் அதன் செலவு பூஜ்யம் என்று பதிவாகும். அந்தப் பூஜ்யத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அடுத்த ஆண்டுத் தேவை குறைவாகத் தெரியும். பற்றாக்குறை தன்னைத்தானே குட்டி போட்டுக்கொண்டே போகும். மருந்து இல்லாத நாட்களைக் கழித்துவிட்டுச் சராசரி எடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆறேழு ஆண்டுகள் ஆயின. யாரும் சொல்லித்தரவில்லை.

மற்றபடி, நிதியாண்டின் கடைசியில் பாஸ்புக் தொகை கரைந்துவிடுவதும், சரக்கு வந்தும் ஆய்வு முடிவுக்காகக் கிடங்கில் காத்திருப்பதும், வண்டி அடுத்த வாரம்தான் என்பதும் உண்டு. பக்கத்து நிலையத்தில் மிகுதியாக இருந்தால் மாற்றி வாங்கிக்கொள்ளலாம்; அப்போது உள்ளூர்க் கொள்முதலுக்கான அந்த ஒரு பங்கும் கை கொடுக்கும். இரண்டுக்கும் மருந்தாளுநர் போனை எடுக்க வேண்டும், மருத்துவ அலுவலர் கையெழுத்திட வேண்டும். ஒரே மருந்தாளுநர் இரண்டு நிலையங்களைப் பார்க்கிற இடத்தில் அதற்கும் நேரம் இருப்பதில்லை.

காசநோய் மாத்திரை தீர்ந்தாலும் இதே கணக்குத்தானா?

இல்லை, அது வேறு வழி. அரசியல் சட்டப்படி பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் காசநோய், எச்.ஐ.வி. மருந்துகள், குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசிகள் போன்றவை தேசியத் திட்டங்களில் அடங்குவதால், மத்திய அரசு வாங்கி மாநிலங்களுக்கு அனுப்புவதே வழக்கம். 2024இல் காசநோய் மருந்து வரத்து நாடு முழுவதும் தடுமாறியது. அந்த மார்ச்சில் மாநிலங்களே உள்ளூரில் வாங்கிக்கொள்ளலாம் என்று மத்திய அரசு எழுத வேண்டியதாயிற்று.

ஒரே ஜன்னலில் வாங்குவதால் எல்லாம் ஒரே குழாயில் வருவதாக நினைக்கிறோம். காசநோய் மாத்திரையை ஒரு நாள்கூட விடக்கூடாது என்பதால், தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே காசநோய்ப் பணியாளரிடம் சொல்லிவிடுங்கள்.

பாம்பு கடித்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவதா, நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கா?

பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே. 108ஐ அழைத்தால் எங்கே மருந்து இருக்கிறது என்று பார்த்துக் கொண்டுபோவார்கள். விஷமுறிவு மருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வைக்கப்படுகிறது. முதல் தவணைக்கே 8 முதல் 10 குப்பிகள் தேவைப்படலாம். அதைத் தொடங்கிவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடித்த காலையோ கையையோ அசைக்காமல் கொண்டுவாருங்கள்.

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குப்பிக்குள் இருப்பதன் மூலப்பொருளில் பெரும்பங்கு நம் ஊரிலிருந்து போகிறது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, 1978இல் தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிலிருந்தும் விஷம் எடுத்துவிட்டுப் பாம்புகளைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி மருந்து தயாரிக்கிறார்கள். நினைத்த மாதத்தில் உற்பத்தியைக் கூட்டிவிட முடியாத மருந்து இது. கடி அதிகம் வராத நிலையத்தில் காலாவதியாகும் முன்பே, கடி அதிகம் வரும் நிலையத்துக்கு அதை மாற்றிவிடுவதும் மருந்தாளுநரின் சாமர்த்தியத்தில் இருக்கிறது.

வீட்டுக்கே சர்க்கரை மாத்திரை கொண்டுவந்து தருகிறார்களே, அது தனி மருந்தா?

மருந்து அதேதான், வழிதான் நீண்டிருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் என்ற இந்த மாநில அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. மகளிர் குழுப் பெண்கள் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். வேலைக் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியாமல் மாத்திரையையே விட்டவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் பெண்கள் பையில் கொண்டுபோவதும் இண்டெண்டிலிருந்து எடுத்ததுதான். அதனால் நான் மேலே சொன்ன கணக்குத் தவறு அங்கே நேர்ந்தால் அந்தத் திண்ணையிலும் மாத்திரை இருக்காது.

முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் எல்லாம் அரசுக் கடைதானே? அங்கே ஏன் காசு கேட்கிறார்கள்?

அவை விற்பனைக் கடைகள். மக்கள் மருந்தகம் 2008இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம். முதல்வர் மருந்தகங்கள் 2025 பிப்ரவரி 24இல் 1,000 இடங்களில் திறக்கப்பட்டன. பிராண்ட் பெயர் இல்லாத மருந்து விலை குறைவாகக் கிடைக்கும். தனியார் டாக்டரிடம் பார்ப்பவர்களுக்கு நல்ல உதவி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்க வேண்டிய மாத்திரையை அங்கே போய் வாங்கிக்கொள்ளச் சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மலிவு வேறு, இலவசம் வேறு.

கேரளாவில் பஞ்சாயத்தே மருந்து வாங்குகிறதாமே, நாமும் அப்படிச் செய்தால் என்ன?

1990களில், உள்ளாட்சிகளுக்கு அதிகாரத்தையும் பணத்தையும் பிரித்துக் கொடுத்த மக்கள் திட்டத்தின்போது, கேரளம் ஆரம்ப சுகாதார நிலையங்களை ஊராட்சிகளின் பொறுப்பில் விட்டது. அங்கே மருந்து தீர்ந்தால் ஊராட்சி தன் திட்டப் பணத்திலிருந்து வாங்கிக் கொடுக்க வழி இருக்கிறது. தலைவர் தெருவில் நடக்கும்போது “மாத்திரை எங்கே?” என்று கேட்க முடிகிறது. அந்த நெருக்கத்தைப் பார்த்து எனக்கும் ஆசைதான்.

ஆனால் விலை பேசி வாங்கும் வேலையை ஊராட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்தால், இரண்டாவது கேள்வியில் சொன்ன பழைய காலம் திரும்பும். என் கருத்தில் வாங்குவது ஒரே இடத்தில் இருக்கட்டும்; இருப்புக் கணக்கைக் கேட்கும் உரிமை ஊருக்கு வரட்டும். எந்த மருந்து எத்தனை நாள் இல்லாமல் இருந்தது என்று கிராம சபையில் ஒருவர் எழுந்து கேட்டால், அடுத்த இண்டெண்ட் தானாகவே கவனமாக எழுதப்படும். ஜன்னலுக்கு உள்ளே நின்றவன் என்பதால் சொல்கிறேன்: எங்களுக்கு அது பிடிக்காது, ஆனால் வேலை நடக்கும்.

விலை குறைத்துக் கேட்பவனுக்கே டெண்டர் என்றால், ஒரு நாள் அவன் கையை விரித்துவிட்டால்?

நல்ல கேள்வி; இதற்கு முழுத் தீர்வு யாரிடமும் இல்லை. பல மருந்துகளின் மூலப்பொருள் சீனாவிலிருந்து வருகிறது. அங்கே விலை ஏறினால், அடிமட்ட விலைக்கு ஒப்புக்கொண்ட கம்பெனி அபராதத்தைக் கட்டிவிட்டுச் சரக்கை நிறுத்துவது அதற்கு லாபமாகிவிடும். அடுத்த விலைக்காரரையும் அதே விலைக்கு ஒப்புக்கொள்ளச் செய்து ஆர்டரைப் பங்கு போட்டுக் கொடுப்பது ஒரு பாதுகாப்பு. இன்னொரு பாதுகாப்பு, பணத்தைச் சொன்ன தேதியில் கொடுப்பது. நிலுவை வைக்கும் மாநிலத்துக்கு எந்தக் கம்பெனியும் முதலில் சரக்கு அனுப்பாது. இது மளிகைக் கடைக்காரருக்கும் தெரிந்த விஷயம்.

மருந்து இல்லை என்று சொன்னால் யாரிடம் கேட்பது?

முதலில் மருத்துவ அலுவலரிடம், மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். “மாத்திரை இல்லையாம்” என்றால் எந்த அதிகாரியாலும் ஒன்றும் செய்ய முடியாது. பிறகு 104 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். தேதியையும் மருந்தின் பெயரையும் ஓ.பி. சீட்டின் பின்னால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது போதாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது; இருப்புப் பதிவேட்டின் நகலைக் கேட்கலாம்.

ஜன்னலில் நிற்கும் பெண்ணைத் திட்ட வேண்டாம். அவர் இண்டெண்டைப் போன மாதமே அனுப்பியிருக்கக்கூடும்.

வீட்டில் மீந்த மாத்திரையைத் திருப்பிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் அதை மறுபடி வேறொருவருக்கு நாங்கள் கொடுக்கமாட்டோம். உங்கள் வீட்டில் அது வெயிலில் இருந்ததா, ஈரத்தில் இருந்ததா என்று தெரியாது. இன்சுலின் என்றால் இன்னும் மோசம். திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்திருக்க வேண்டும். ஆனாலும் கொண்டுவாருங்கள். எவ்வளவு மீந்திருக்கிறது என்பது டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு ஒரு பாட்டி மஞ்சள் பை நிறைய மெட்ஃபார்மின் அட்டைகளைக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தார். ஏறக்குறைய நான்கு மாதமாகச் சேர்த்த மாத்திரை. “ஒரு தடவை இல்லேன்னு திருப்பி அனுப்புனீங்களே தம்பி, அதுலேருந்து ஒருவேளைதான் போட்டுக்கிறேன், மிச்சத்தை எடுத்து வெச்சிருக்கேன்” என்றார். என் பதிவேட்டில் அந்த நான்கு மாதமும் அவர் இரண்டு வேளையும் தவறாமல் சாப்பிட்டதாக எழுதியிருந்தது. அதை வைத்துத்தான் நான் இண்டெண்ட் போட்டிருந்தேன்.